கல்லூரி நூலகத்துக்கு மின்தரவுத்தளச் சந்தா: கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

அச்சு இதழுக்குச் சந்தா கட்டி அடுத்த வருஷம் நிறுத்திவிட்டாலும், வந்து சேர்ந்த இதழ்கள் அலமாரியில் இருக்கும். மின்தரவுத்தளத்தில் அப்படி இல்லை. டிசம்பர் 31-ஆம் தேதியோடு சந்தா முடிந்தால், ஜனவரி 1 காலையில் பத்து வருஷக் கட்டுரைகளும் சேர்ந்தே மூடிக்கொள்ளலாம். மூடுமா, திறந்திருக்குமா என்பதைக் கொட்டேஷன் சொல்லாது. லைசென்ஸில் எட்டாம் பக்கத்திலோ ஒன்பதாம் பக்கத்திலோ கிடக்கும் ஒரு பத்திதான் சொல்லும். விலையைப் பேரம் பேசும் முன், யார், எங்கிருந்து, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் பேசி முடித்துவிட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

கல்லூரி நூலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்று, முதல் முறையாக இந்த வேலை கைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதியது இது. தமிழ்நாட்டுக் கலை அறிவியல், பொறியியல், மேலாண்மைக் கல்லூரிகளின் நடைமுறையை மனதில் வைத்திருக்கிறது.

எப்போது தொடங்குவது

பெரும்பாலான லைசென்ஸ்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை. கல்லூரியின் பட்ஜெட் ஏப்ரல் முதல் மார்ச் வரை. கல்வியாண்டோ ஜூனில் தொடங்குகிறது. இந்த மூன்று நாட்காட்டியும் ஒத்துப்போவதே இல்லை. ஜனவரியில் சந்தா ஓட வேண்டுமென்றால் ஜூலையில் வேலையை ஆரம்பியுங்கள்: ஜூலை, ஆகஸ்டில் ட்ரையல், செப்டம்பரில் கொட்டேஷன், அக்டோபரில் லைசென்ஸ் திருத்தம், நவம்பரில் பர்ச்சேஸ் ஆர்டர். ட்ரையலை நவம்பருக்குத் தள்ளினால் செமஸ்டர் தேர்வு வந்துவிடும். யாரும் உள்ளே நுழைந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதன்பின் 'பயன்பாடு இல்லை' என்ற முடிவும் தப்பு, 'நன்றாக இருக்கிறது' என்ற முடிவும் தப்பு.

ஏற்கெனவே கையில் இருப்பது என்ன

இருப்பதையே மறுபடி காசு கொடுத்து வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் வீண்செலவு. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்கான அமைப்பான, காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. சுயநிதிக் கல்லூரிகள் அதில் வரவில்லை. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதைத் திட்டத்தின் தளத்திலேயே தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரி சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

கலை அறிவியல் கல்லூரி என்றால் மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் இன்ஃப்லிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டம் 2010 முதல் இருக்கிறது. வணிகத் தரவுத்தளங்களின் விலையோடு ஒப்பிட்டால் அதன் கட்டணம் சொற்பம். இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனி லாகின் உருவாக்க வேண்டும். பல கல்லூரிகளில் உறுப்பினர் கட்டணம் தவறாமல் கட்டப்படுகிறது, லாகின் வாங்கியவர்கள் மட்டும் முப்பது பேர் இருப்பார்கள். புதுத் தரவுத்தளம் கேட்கும் துறைத்தலைவரிடம், முதலில் அவர் துறையில் எத்தனை பேருக்கு என்-லிஸ்ட் லாகின் இருக்கிறது என்று கேளுங்கள்.

இவை பெரும்பாலும் ஆய்விதழ்களுக்கும் மின்னூல்களுக்கும் உதவும். நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மனுபத்ராவோ எஸ்சிசி ஆன்லைனோ, நிறுவனங்களின் நிதி விவரங்களுக்கு சிஎம்ஐஇ-யின் புரோவெஸ்ஸோ வேண்டுமென்றால் தனியாகத்தான் லைசென்ஸ் பேச வேண்டும். இனி வரும் வேலை அதற்கானது.

ஒரே தாளில் மூன்று விவரம்

பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிடும் முன் ஒரு தாள் தயார் செய்யுங்கள். முதல் விவரம் பயனர் எண்ணிக்கை. கொட்டேஷன் பெரும்பாலும் முழுநேரப் பயனர் எண்ணிக்கையை வைத்துப் போடப்படும். கல்லூரியின் மொத்த எண்ணிக்கையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். 2,400 பேர் படிக்கும் கல்லூரிக்கு வணிகத் தரவுத்தளம் ஒன்றுக்கு 4,80,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 200 ரூபாய், கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அதைத் தொடப்போவது வணிகவியல், எம்பிஏ மாணவர் 420 பேரும் ஆசிரியர் 22 பேரும். 442-ஆல் வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 1,086 ரூபாய். துறை அளவிலான விலை கேளுங்கள். தர மறுத்தால், ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற வகை லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள். 3 பேர், 5 பேர் என்று வரும் இந்த வகை மலிவு. ஆனால் கம்ப்யூட்டர் லேபில் 60 பேர் கொண்ட வகுப்பை உட்காரவைத்தால் 5 பேருக்குத் திறக்கும், 55 பேருக்கு 'வரம்பு மீறியது' என்று வரும். வகுப்பு நாட்களுக்கு மட்டும் வரம்பை உயர்த்தித் தரச் சம்மதமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் பலரும் தருகிறார்கள்.

இரண்டாவது விவரம் ஐபி முகவரி. புதியவர்கள் தடுமாறும் முதல் இடமே இதுதான். 'உங்கள் ஐபி கொடுங்கள்' என்று மின்னஞ்சல் வந்ததும், நூலகக் கணினியில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்து, வரும் 192.168.1.45 என்ற எண்ணை அனுப்பிவிடுவார்கள். அது உள் முகவரி. 192.168 என்றும், 10 என்றும், 172.16 முதல் 172.31 வரையிலும் தொடங்கும் எண்கள் எல்லாமே கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். ஊரில் எத்தனையோ வீடுகளில் இதே எண் ஓடிக்கொண்டிருக்கும். பதிப்பகத்தின் சர்வர் பார்ப்பது வெளி முகவரியை. இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் கல்லூரிக்கு ஒதுக்கிய ஸ்டாட்டிக் ஐபி எது என்று எழுத்தில் கேளுங்கள். 203.0.113.8/29 என்பது போலப் பதில் வரும். அதற்குப் பொருள் 8 முகவரிகள், அதில் பயன்படுபவை 203.0.113.9 முதல் 203.0.113.14 வரை 6. ஸ்டாட்டிக் ஐபி இல்லாத சாதாரண பிராட்பேண்ட் என்றால் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்து ஐபி வழி அனுமதி கேட்பதில் பயனில்லை.

இன்னொன்று. பல கல்லூரிகளில் இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருக்கும். ஒன்று போனால் மற்றொன்று தானாக வேலை செய்யும். இரண்டாவது இணைப்பின் ஐபியைப் பதிவு செய்யாமல் விட்டால், முதல் இணைப்பு அறுந்த அன்று இணையம் ஓடும், தரவுத்தளம் மட்டும் திறக்காது. 'சில நாள் வருது சார், சில நாள் வரல' என்ற புகாரில் பாதிக்குக் காரணம் இதுதான். விடுதிக்குத் தனி இணைப்பு இருந்தால் அதையும் சேருங்கள்.

மூன்றாவது விவரம் வளாகத்துக்கு வெளியிலிருந்து பயன்படுத்துவது. ஈசிபிராக்ஸி, ஓபன்ஏதென்ஸ், இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு, மைலாஃப்ட் என்று வழிகள் பல. எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்று: ஆளுக்கு ஒரு லாகின், படிப்பை முடித்துப் போனதும் அது ரத்தாக வேண்டும். ஒரே கடவுச்சொல்லை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது லைசென்ஸ் மீறல். கண்டுபிடிக்கப்பட்டால் கல்லூரி முழுவதற்கும் அனுமதி நிறுத்தப்படும்.

ட்ரையல் காலமும் தலைப்புப் பட்டியலும்

ட்ரையல் வழக்கமாக 30 நாள். சுற்றறிக்கை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஆய்வு மாணவர்கள் உண்மையில் தேடிக்கொண்டிருக்கும் இருபது தலைப்புகளை வாங்கி, நீங்களே உட்கார்ந்து தேடிப் பாருங்கள். முடிவில் எத்தனை கட்டுரை வந்தது என்பது முக்கியமில்லை. அதில் எத்தனை முழுமையாகத் திறந்தது என்று எண்ணுங்கள்.

'12,000 இதழ்கள்' என்று விளம்பரத்தில் இருக்கும். அதில் வெறும் சுருக்கம் மட்டும் உள்ளவை எத்தனை, இலவசமாகவே கிடைக்கும் திறந்த அணுக்க இதழ்கள் எத்தனை, கடைசி ஓராண்டு மறைக்கப்பட்டவை எத்தனை என்று பிரித்தால் எண்ணிக்கை சரசரவென்று இறங்கும். இதைப் பார்க்க, தலைப்புப் பட்டியல்களுக்கான பொது வடிவமான கேபார்ட்டில் பட்டியல் கேளுங்கள். எக்செல்லில் திறக்கும். ஒவ்வொரு இதழுக்கும் உள்ள அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ வைத்து உங்களிடம் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெயரை வைத்து ஒப்பிட்டால் 'ஜர்னல்' என்பதைச் சுருக்கி எழுதியதெல்லாம் வேறு இதழாகத் தெரியும். அச்சு, மின் பதிப்புகளுக்கு வெவ்வேறு ஐஎஸ்எஸ்என் இருக்கும், இரண்டு நெடுவரிசையையும் பாருங்கள். எந்தக் காலத்துக் கட்டுரைகள் மறைக்கப்படும் என்ற தடைக்கால விவரம் ஒரு நெடுவரிசையில் 'பி1ஒய்', 'ஆர்10ஒய்' என்று ஆங்கில எழுத்துகளில் குறியீடாக இருக்கும். முதலாவது, கடைசி ஓராண்டு வராது என்று சொல்கிறது. இரண்டாவது, கடைசி பத்து ஆண்டு மட்டுமே வரும் என்று சொல்கிறது. புதிய கட்டுரை தேவைப்படும் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் 'பி1ஒய்' போட்ட இதழால் பெரிய உபயோகம் இல்லை. வரலாற்றுத் துறைக்கு அது ஒரு குறையே இல்லை.

பணம்

வெளிநாட்டுத் தரவுத்தளம் என்றால் கொட்டேஷன் டாலரில் வரும். எந்தத் தேதியின் மாற்று விகிதம், வங்கிக் கமிஷன் யாருக்கு என்ற இரண்டையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கொட்டேஷன் வந்த நாளுக்கும் பணம் போகும் நாளுக்கும் இடையே மூன்று மாதம் ஓடினால், விகிதம் ஏறி, ஒப்புதல் வாங்கிய தொகை போதாமல் போகும். மறுபடி கமிட்டி, மறுபடி கோப்பு. ஒப்புதல் வாங்கும்போதே 5 சதவீதம் கூடுதலாக வைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

லைசென்ஸில் 'தொகை வரி நீங்கலானது' என்று ஒரு வாசகம் இருக்கும், சாதாரணமாகத் தெரியும். பணத்தை நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வரி பிடிக்க வேண்டியிருந்தால், அந்த வாசகத்தால் வரிச்சுமை கல்லூரியின் தலையில் விழுகிறது. 10 சதவீதம் பிடித்தம் என்று வைத்துக்கொண்டால், பதிப்பகத்துக்கு 100 டாலர் முழுதாகப் போய்ச் சேர, கல்லூரிக் கணக்கில் 111.11 டாலர் செலவாகும். வரி உண்டா இல்லையா என்பதை நூலகர் முடிவு செய்யக் கூடாது. கொட்டேஷன் வந்த அன்றே ஆடிட்டரிடம் அனுப்புங்கள். பதிப்பகத்தின் நாட்டில் வாங்கிய வரி வசிப்பிடச் சான்றிதழை அவர் கேட்பார். அது வர சில வாரம் ஆகும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சட்டப்படி ஏற்கப்பட்ட பட்டம் தரும் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்படும் இணையவழிக் கல்வி இதழ்களுக்கு 2018 ஜனவரியிலிருந்து விலக்கு உண்டு. தரவுத்தளச் சேவை என்றால் 18 சதவீதம். ஒரே தொகுப்பில் இதழும் மற்றவையும் கலந்திருந்தால், இன்வாய்ஸில் தனித்தனி இனமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே இனமாகப் போட்டால் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் கட்ட நேரலாம்.

இந்திய முகவர் வழியாக ரூபாயில் வாங்கினால் இந்தத் தலைவலி குறையும். ஆனால் அந்த ஆண்டுக்குப் பதிப்பகம் அவருக்குக் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். முகவரிடம் கட்டிய பணம் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சந்தா. உலக அளவில் பெரிய சந்தா முகவராக இருந்த ஸ்வெட்ஸ் 2014 செப்டம்பரில் திவாலானது. முன்பணம் கட்டியிருந்த நூலகங்கள் திண்டாடின. பணம் கட்டிய இரண்டு வாரத்தில் பதிப்பகத்துக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு 'எங்கள் தொகை வந்ததா' என்று கேட்பதில் தவறில்லை. அரசுக் கல்லூரியில், ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருள் என்று டெண்டர் இல்லாமல் வாங்குவதற்கான சான்றிதழையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். தணிக்கையில் முதல் கேள்வியே அதுதான்.

லைசென்ஸை எப்படிப் படிப்பது

இணையத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தும் வகையும் ஒப்பந்தம்தான். அழுத்தும் முன் முழு வாசகத்தையும் பிடிஎஃப்-ஆகக் கேளுங்கள். கையில் பேனாவோடு உட்காருங்கள். திருத்தம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். பதிப்பகத்தின் முதல் வரைவு எப்போதும் பதிப்பகத்துக்குச் சாதகமாகத்தான் இருக்கும், அதைத் திருத்திக் கேட்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். பிரதிநிதிக்குத் திருத்தும் அதிகாரம் கிடையாது. 'உங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள்.

முதலில் அனுமதி பெற்ற பயனர் யார் என்ற பத்தி. வரைவில் 'நிறுவனத்தின் முழுநேர மாணவர்கள், ஆசிரியர்கள், வளாகத்தினுள்' என்று இருக்கும். இதை அப்படியே விட்டால் பகுதிநேர ஆய்வாளர் வெளியே, கௌரவ விரிவுரையாளர் வெளியே, வீட்டிலிருந்து படிப்பவர் எல்லோரும் வெளியே. இப்படி மாற்றிக் கேளுங்கள்: 'முழுநேர, பகுதிநேர மாணவர்கள், பதிவு செய்த ஆய்வாளர்கள், நிரந்தர, தற்காலிக, கௌரவ, வருகைதரு ஆசிரியர்கள், ஊழியர்கள். இவர்கள் எங்கிருந்து பயன்படுத்தினாலும். மேலும் நூலகத்துக்கு நேரில் வருபவர்கள், நூலகக் கணினிகளில் மட்டும்.' நேரில் வருபவர்களைப் பல பதிப்பகங்கள் ஏற்கின்றன. முன்னாள் மாணவர்களை ஏற்பது அரிது. அதற்காக மல்லுக்கட்டி மற்றதைக் கோட்டைவிட வேண்டாம்.

அடுத்தது சந்தா நின்ற பிறகு என்ன ஆகும் என்ற பத்தி. பதிப்பகத்திடம் நேரடியாக வாங்கும் இதழ்த் தொகுப்பில், பணம் கட்டிய ஆண்டுகளின் உள்ளடக்கத்துக்கு நிரந்தர அணுக்கம் கேட்டுப் பெறலாம். எப்படித் தருவார்கள் என்றும் எழுத வேண்டும்: அவர்கள் தளத்திலேயேவா, அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டா, போர்டிகோ போன்ற மின்னிதழ்க் காப்பகம் வழியாகவா. பல பதிப்பகங்களின் இதழ்களைத் திரட்டித் தரும் தளங்களில் இந்த உரிமை கிடைக்காது. அவர்களே வாடகைக்கு இருப்பவர்கள். சொந்தமில்லாததை அவர்கள் எப்படித் தருவார்கள்? அதே காரணத்தால் ஆண்டின் நடுவிலேயே ஒரு இதழ் தொகுப்பிலிருந்து காணாமல் போகலாம். உங்களுக்கு முக்கியமான பத்து இதழ்களின் பெயரை இணைப்பாகச் சேர்த்து, அவை விலகினால் தொகையில் கழிவு அல்லது ரத்து செய்யும் உரிமை வேண்டும் என்று கேளுங்கள்.

மீறல் பற்றிய பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். 'முறைப்படியான மொத்த இறக்கம்' எல்லா லைசென்ஸிலும் தடை. ஒரு மாணவர் டவுன்லோட் மேனேஜர் மென்பொருளை ஓடவிட்டு ஒரு இதழின் நானூறு கட்டுரைகளை இரவோடு இரவாக இறக்குகிறார். கல்லூரி முழுவதும் ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் இருப்பதால், பதிப்பகத்துக்கு அது 'கல்லூரி' செய்ததாகத்தான் தெரியும். மறுநாள் காலை எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். எனவே முன்கூட்டியே அறிவிப்பு, சரிசெய்ய 30 நாள் அவகாசம், முடிந்தவரை அந்த ஒரு பயனரை மட்டும் நிறுத்துதல் என்ற மூன்றும் வாசகத்தில் வர வேண்டும். உங்கள் பக்கத்தில் ஃபயர்வால் பதிவுகள் குறைந்தது மூன்று மாதத்துக்கு இருக்கட்டும். அந்த நேரத்தில் அந்த உள் முகவரியில் இருந்தது யார் என்று காட்ட முடியாவிட்டால், அவகாசம் கிடைத்தும் பயனில்லை. மாணவர் செய்த தவறுக்குக் கல்லூரி நஷ்டஈடு தர வேண்டும் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். 'நியாயமான அளவில் அறிவுறுத்தும் பொறுப்பு' வரைக்கும் ஒப்புக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சமீபத்திய வரைவுகளில் செயற்கை நுண்ணறிவுப் பத்தி ஒன்றும் வருகிறது. எந்த ஏஐ கருவியிலும் உள்ளடக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடை போட்டிருப்பார்கள். கட்டுரையின் பிடிஎஃப்-ஐ ஏற்றிச் சுருக்கம் கேட்கும் ஒவ்வொரு மாணவரும் அப்போது மீறியவர் ஆகிறார். பொது மாதிரிகளைப் பயிற்றுவிக்கக் கூடாது என்ற தடையை ஏற்று, சொந்த ஆய்வுக்கான பயன்பாட்டையும் உரைப் பகுப்பாய்வையும் அனுமதிக்கக் கேளுங்கள்.

எந்த நாட்டுச் சட்டம் என்ற பத்தியில் வெளிநாட்டு நகரம் ஒன்று இருக்கும். இந்திய நீதிமன்றம் என்று மாற்றச் சம்மதிக்காவிட்டால், அந்தப் பத்தியையே நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பலர் இணங்குகிறார்கள். விலை உயர்வுக்கு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்ற உச்சவரம்பையும் எழுதி வாங்குங்கள். பிரதிநிதி போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

சந்தா தொடங்கிய வாரம்

நான்கு இடத்திலிருந்து சோதியுங்கள்: நூலகக் கணினி, ஏதாவது ஒரு துறையின் வைஃபை, விடுதி, வைஃபையை அணைத்த கைபேசி. கடைசியாகச் சொன்ன கைபேசியில் லாகின் இல்லாமல் திறக்கவே கூடாது. திறந்தால் ட்ரையல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லது அது இலவசக் கட்டுரை. நிர்வாகக் கணக்கை நூலகத்தின் பொது மின்னஞ்சலில் உருவாக்குங்கள். நூலகரின் சொந்த ஜிமெயிலில் உருவாக்கினால், அவர் வேலை மாறிப் போனதும் கணக்கு அவரோடு போய்விடும். தொடங்கிய நாளின் தலைப்புப் பட்டியலை இறக்கி, கையெழுத்திட்ட லைசென்ஸ், இன்வாய்ஸ் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து நிரந்தர அணுக்கம் கேட்கும்போது, எந்த இதழுக்குப் பணம் கட்டினோம் என்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கும் இதே கோப்பு உதவும்.

பயன்பாட்டு அறிக்கையைக் கவுண்டர் என்ற பொதுத் தரத்தில் கேளுங்கள். எல்லாப் பதிப்பகங்களின் பயன்பாட்டையும் ஒரே மாதிரி எண்ணுவதற்கான தரம் அது. 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள பதிப்பு 5.1. அதில் மொத்த எண்ணிக்கை, தனி எண்ணிக்கை என்று இரண்டு இருக்கும். ஒருவர் ஒரே கட்டுரையை முதலில் திரையில் திறந்து, பிறகு பிடிஎஃப்-ஆக இறக்கினால் மொத்தத்தில் 2, தனியில் 1. எப்போதும் தனி எண்ணிக்கையால் வகுங்கள். 3,00,000 ரூபாய் சந்தாவுக்கு ஆண்டில் 1,500 என்றால் கட்டுரைக்கு 200 ரூபாய். 150 என்றால் 2,000 ரூபாய், அந்தக் காசுக்குத் தேவையான கட்டுரையைத் தனியாகவே வாங்கிக் கொடுத்துவிடலாம். அனுமதி மறுக்கப்பட்ட எண்ணிக்கையையும் பாருங்கள். வரம்பு மீறியதால் மறுப்பு அதிகம் என்றால் பயனர் வரம்பைக் கூட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாததால் மறுப்பு என்றால் எந்த இதழை வாங்காமல் விட்டோம் என்பது அதிலேயே தெரியும்.

லைசென்ஸில் தானாகப் புதுப்பித்தல் பத்தி இருந்து, அதை நீக்க முடியாமல் போயிருந்தால், நிறுத்துவதாக அறிவிக்க வேண்டிய நாளை இன்றே நாட்காட்டியில் குறியுங்கள். டிசம்பர் 31-க்கு 90 நாள் முன்பு என்றால் அக்டோபர் 2. அன்று காந்தி ஜெயந்தி, கல்லூரி விடுமுறை. ஆயுத பூஜையும் அதை ஒட்டி வரலாம். முதல்வரின் கையெழுத்து செப்டம்பர் 25-க்குள் கிடைத்தாக வேண்டும். கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, வந்து சேர்ந்ததாகப் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.